அம்பாசடர் வந்தது, அம்பாசடர் வந்தார்

1981-ல் எங்கள் கண்தானச் சங்கத்தின் செயலாளர் சார் என்னைக் கூப்பிட்டு, "சாயங்காலத்துக்குள்ள ஒரு அம்பாசடருக்கு ஏற்பாடு பண்ணிருப்பா" என்றால், நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டை டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போவேன். போன வருடம் சங்கத்தின் இப்போதைய செயலாளர், என் பேரன் வயதுப் பையன், கிட்டத்தட்ட அதே வாக்கியத்தைச் சொன்னான். "சார், ஆகஸ்டுக்குள்ள ஒரு அம்பாசடருக்கு ஏற்பாடு பண்ணணும்." என் கால் தன்னால் டாக்ஸி ஸ்டாண்டுப் பக்கம் திரும்பிற்று. அவன் கைபேசியில் ஒரு நடிகரின் படத்தைக் காட்டினான்.

அன்று அம்பாசடர் வந்தது. இன்று அம்பாசடர் வருகிறார். நாற்பது சொச்சம் வருடத்தில் அஃறிணையாக இருந்த சொல் உயர்திணையாகிவிட்டது. இலக்கணத்தில் இதைத் திணை வழு என்பார்கள். எங்கள் சங்கத்து மினிட்ஸ் புத்தகத்தில் 'வளர்ச்சி' என்று எழுதியிருக்கிறது.

அஃறிணைதான் மூத்தது, அதிலிருந்தே தொடங்குகிறேன். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை அச்சாக வைத்து 1950-களின் கடைசியில் செய்ய ஆரம்பித்த வண்டி அது. மந்திரிக்கும் அதுதான், மாப்பிள்ளைக்கும் அதுதான், நடுராத்திரியில் வலி எடுத்த பிள்ளைத்தாய்ச்சிக்கும் அதுதான். எங்களுக்கு வாய்த்தது வெள்ளை வண்டி. பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் பொருத்தியிருந்தது. கியர் ஸ்டீயரிங்கிலேயே இருக்கும். முன்னால் மூன்று பேர், பின்னால் நாலு பேர், மடியில் எத்தனை பேர் என்பது அவரவர் குடும்பக் கட்டுப்பாட்டைப் பொறுத்தது. ஓட்டியவரை நான் அண்ணாச்சி என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. பகலில் பாவு நூல் கணக்கு, ராத்திரியில் கண் கணக்கு.

கண் கணக்கு என்பது இப்படி. ஊரில் ஒரு சாவு விழும். செய்தி சைக்கிளில் வரும். உயிர் போன நேரத்திலிருந்து எங்களுக்கு ஆறு மணி நேரம். அதற்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். தாண்டினால் கருவிழி கலங்கிவிடும். நானும் செயலாளர் சாரும் இழவு வீட்டுக்குப் போய், அழுகை சற்று ஓய்கிற நேரம் பார்த்து, வீட்டில் யார் சொல்லுக்கு மதிப்பு அதிகமோ அவரைத் தனியாகக் கூப்பிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலிலேயே கண்ணைக் கேட்க வேண்டும். பத்து வீட்டில் ஒன்பது வீடு முறைக்கும். பத்தாவது வீடு தலையசைத்தால், அண்ணாச்சியின் வண்டி போய் எங்களூர் டாக்டரை ஏற்றிக்கொண்டு வரும். அவர் மதுரைக்குப் போய் இதற்கென்றே பயிற்சி எடுத்து வந்தவர். அந்தக் காலத்தில் முழு விழியையும் எடுப்பார்கள். இப்போதுபோல் கருவிழியை மட்டும் வட்டமாக நறுக்கி எடுக்கிற வழக்கம் பரவலாகவில்லை. எடுத்த கண்ணைக் குப்பியில் வைத்து, குப்பியை ஐஸ் பிளாஸ்க்கில் வைத்து, பிளாஸ்க்கை என் மடியில் வைத்து, காரியாபட்டி வழியாக மதுரைக்கு ஐம்பது கிலோமீட்டர். இறந்தவரின் இரண்டு கண்களும் என் மடியில் இருக்க, நான் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டு போன ராத்திரிகள் உண்டு.

அந்தப் பக்கம் காத்திருந்தவர்களும் எங்கள் சனம்தான். கரிசல் காட்டில் களை எடுக்கும்போது சோளத்தோகை கிழித்த கண், களத்தில் உமி தெறித்துப் புண்ணாகிப் பூ விழுந்த கண், சிறு வயதில் கீரைக்கும் பாலுக்கும் வழியில்லாமல் வெந்துபோன கண். நாட்டின் முதல் கண் வங்கி 1945-லேயே சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் தொடங்கிவிட்டது என்பது எங்களுக்குப் பெருமை. ஆனால் எழும்பூரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு ஒரு செய்தி வந்து சேர்வதற்கு முப்பத்தைந்து வருடம் ஆனது. வழியில் அம்பாசடர் கிடைக்கவில்லைபோலும்.

அண்ணாச்சிக்கு முதலில் இந்தச் சவாரி பிடிக்கவே இல்லை. கல்யாணத்துக்கு ஓடுகிற வண்டி. காலையில் மாப்பிள்ளை உட்காரப்போகிற சீட்டில் ராத்திரி பிணத்தின் கண் போகலாமா? ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததும் வண்டியைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார். அந்த எலுமிச்சம்பழச் செலவை நாங்கள் 'வாகனப் பராமரிப்பு' என்று கணக்கு எழுதினோம். ஒருநாள் டாக்டரிடமே கேட்டுவிட்டார். "ஐயா, கண்ணைக் குடுத்துட்டா அடுத்த ஜென்மத்துல குருடாப் பொறப்பாகளாமே?"

டாக்டர் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த ஜென்மத்துலயே குருடா இருக்கான் பாருப்பா, அவன் பஞ்சாயத்தை முதல்ல முடிப்போம். அடுத்த ஜென்மத்து வாய்தாவை அப்புறம் பாத்துக்கலாம்."

அதற்கப்புறம் எலுமிச்சம்பழம் நாலிலிருந்து இரண்டாகக் குறைந்தது. முழுதாக நிற்கப் பல வருடம் பிடித்தது. ஆனால் டீசலுக்கு மேல் ஒரு ரூபாய் அவர் வாங்கியதில்லை. இழவு வீட்டுக்குள் வர மாட்டார்; வாசலில் வண்டியில் சாய்ந்துகொண்டு நிற்பார். டாக்டர் உள்ளே ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பாடத்தைச் சத்தமாகச் சொல்வார்: "ஃபேனை நிறுத்துங்க. இமையை மூடி ஈரப் பஞ்சு வையுங்க. தலைக்குக் கீழ தலையணை குடுத்து உயர்த்துங்க." கேட்டவர்கள் அழுகையில் மறந்துவிடுவார்கள். வாசலில் நின்றவர் மறக்கவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அன்று பிரபலங்களே இல்லையா என்றால், இருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை நிதிக்காகக் கச்சேரியோ கதாகாலட்சேபமோ நாடகமோ வைப்போம். வருகிற வித்வானுக்குத் தூதர், முகவர் என்ற பட்டமெல்லாம் கிடையாது. நோட்டீசில் 'நல்ல காரியத்துக்காக' என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

இந்த மரபில் எல்லோருக்கும் பெரியவர் பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி. 1944-ல் கஸ்தூரிபா காந்தி நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில் என்று எத்தனை எத்தனையோ. 1974-ல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். அதைப் பலர் பாட்டுக்குக் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பொதுச் சேவைக்கான விருது. பாடிப் பாடியே பொதுச் சேவை விருது வாங்கியவரிடம் யாராவது போய், "அம்மா, நீங்கள் எங்கள் பிராண்ட் அம்பாசடர்" என்று சொல்லியிருந்தால், அவர் கணவர் சதாசிவம் வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பியிருப்பார்.

அதற்காக அது பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. பழங்கதை பேசுகிறவர்கள் வரவைச் சொல்வார்கள், செலவைச் சொல்ல மாட்டார்கள். நான் கணக்கு எழுதியவன். ஒரு வருடம் கதாகாலட்சேபத்துக்கு வந்தவர் ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் அவர், பக்க வாத்தியம், பின்பாட்டு, மருமகன், மருமகனின் நண்பர் என்று ஏழு பேரின் சாப்பாடு, மைக் செட், பந்தல், போஸ்டர், அம்பாசடர் எல்லாம் போக மிஞ்சியது இருநூற்றுப் பதினைந்து ரூபாய். அவர் இரண்டரை மணி நேரம் கண்ணப்ப நாயனார் சரித்திரம் சொன்னார். கண்தானக் கூட்டத்தில் கண்ணப்பரை விட்டு யார் பேசினாலும் அது பேச்சே இல்லை, இன்றைக்கும் அப்படித்தான். சபையே அழுதது. கடைசியில் கண்தான அட்டையை நீட்டினால் கையெழுத்துப் போட்டவர்கள் பதினொரு பேர். கண்ணப்பர் உயிரோடு பிடுங்கிக் கொடுத்தார். நாங்கள் செத்த பிறகுதான் கேட்கிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். "அவரு குடுத்தது சாமிக்கு, நீ கேக்குறது டாக்டருக்கு" என்றார் ஒரு பெரியவர். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அப்படியானால் தூதர் என்ற பட்டம் எங்கிருந்து வந்தது? நம் ஊரில் தூதுக்குப் பஞ்சமே இல்லை. வள்ளுவர் அதற்கென்று தனி அதிகாரமே வைத்தார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் போன ஔவை, எதிரியின் ஆயுதங்களைப் புகழ்வதுபோலப் புகழ்ந்தே காரியத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் அவர்கள் போனது அரசர்களுக்காக. குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் தூதர் என்ற யோசனை ஓர் ஆகாய விமானத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். 1949-ல் லண்டனிலிருந்து நியூயார்க் போய்க்கொண்டிருந்த விமானத்தில் இன்ஜின் தீப்பிடித்தது. உள்ளே ஹாலிவுட் சிரிப்பு நடிகர் டேனி கேயும் யூனிசெஃப் தலைவர் மாரிஸ் பேட்டும் இருந்தார்கள். பிழைத்த கையோடு பேச்சு வளர்ந்து, 1954-ல் டேனி கே யூனிசெஃபின் முதல் நல்லெண்ணத் தூதரானார். அதோடு அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. இந்தியா உட்பட ஆசிய நாடுகளுக்கு வந்து, நோயாளிக் குழந்தைகளோடு கோமாளித்தனம் செய்து, அதை ஒரு படமாக எடுத்துக் காட்டினார். உலகத்தின் முதல் நல்லெண்ணத் தூதர், ஓடுகிற வண்டியில் தீப்பிடித்ததால் கிடைத்தவர். எங்கள் அண்ணாச்சியின் வண்டியும் காரியாபட்டி ஏற்றத்தில் இரண்டு முறை புகைந்திருக்கிறது. உள்ளே நானும் டாக்டரும்தான் இருந்தோம், ஒன்றும் விளையவில்லை.

சரி, போன ஆகஸ்டுக்கு வருகிறேன். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசியக் கண்தான இருவாரம். செயலாளர் பையன் பிடித்து வந்த நடிகரின் பெயரைச் சொல்ல மாட்டேன்; நல்ல பிள்ளை, அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பணம் வாங்கவில்லை. அவருடைய மேனேஜர்தான் நாலு பக்க ஒப்பந்தம் அனுப்பினார். ஒரு வருடத்துக்குத் தூதர். நேரில் ஒரு நிகழ்ச்சி, சமூக ஊடகத்தில் மூன்று பதிவு. வந்திறங்க இன்னின்ன வண்டி, உட்கார ஏசி கேரவன், மேடைக்குப் பின்னால் அவர் படம் எட்டடிக்குக் குறையாமல். சங்கத்தின் சின்னம் அவர் படத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. எங்கள் சின்னம் ஒரு கண். அதை அவருடைய கண்ணைவிடச் சின்னதாகப் போட வேண்டியதாயிற்று.

மூன்றாம் பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மேடையிலும் பதிவிலும் 'சாவு', 'மரணம்', 'இறப்பு', 'பிணம்' ஆகிய சொற்கள் வரக் கூடாது. மேனேஜரைத் தொலைபேசியில் பிடித்தேன். "தம்பி, இது கண்தானம். செத்த பிறகுதான் எடுப்பாங்க" என்றேன்.

"புரியுது சார். ஆனா சார் வாயால அந்த வார்த்தை வந்தா ஃபேன்ஸ் ஃபீல் பண்ணுவாங்க. பட ரிலீஸ் வேற இருக்கு. பாசிட்டிவா சொல்லுங்க."

மூன்று நாள் உட்கார்ந்து, சாவில்லாத கண்தான உரை ஒன்று எழுதிக் கொடுத்தேன். நாற்பது வருடமாக நான் எழுதியதிலேயே அதுதான் சிறந்த கற்பனைப் படைப்பு. அதில் மனிதர்கள் பிறக்கிறார்கள், பார்க்கிறார்கள், தருகிறார்கள். நடுவில் ஒன்றுமே நடப்பதில்லை.

கூட்டம் அலைமோதியது. 1981-ல் நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்த சனத்தைவிடப் பத்து மடங்கு சனம் ஒரே மைதானத்தில். ஆளுயரத்துக்குத் தெர்மகோலில் ஒரு கண்தான அட்டை செய்து வைத்திருந்தார்கள். நடிகர் அதில் கையெழுத்துப் போட, ஆயிரம் கைபேசிகள் மேலே எழும்பின. நிஜ அட்டை, உள்ளங்கையளவு அட்டை, செயலாளரின் சட்டைப் பையிலேயே இருந்தது. அதை எடுத்து நீட்டுவதற்குள் மேனேஜர் நடிகரைக் கேரவனுக்குக் கூட்டிப்போய்விட்டார். அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பெண் எழுந்து மைக்கைப் பிடித்து, "அங்கிள், கண்ணை எப்ப எடுப்பாங்க?" என்று கேட்டது. நடிகர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் வானத்தைப் பார்த்தார். நடிகர் சிரித்துக்கொண்டே, "சரியான நேரம் வரும்போது" என்றார். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. கண்தானத்தைப் பற்றி இதைவிடச் சரியான பதிலை நான் கேட்டதில்லை; அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

இப்படிக் கேலி பேசிக்கொண்டே போனால், தூதர்களால் ஒன்றுமே நடக்காது என்று நான் சொல்வதாக ஆகிவிடும். அப்படியில்லை. போலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-ல் நாடு முழுவதும் சொட்டு மருந்து முகாம் தொடங்கியது. அமிதாப் பச்சன் தொலைக்காட்சியில் வந்து, குழந்தையைக் கூட்டி வராத பெற்றோரைத் திட்டினார். கெஞ்சவில்லை, திட்டினார். திரையில் முப்பது வருடம் கோபித்துக்கொண்ட மனிதர் நம்மேலேயே கோபித்துக்கொண்டதும் சனம் எழுந்து வந்தது. 2011 ஜனவரி 13-ல் ஹௌராவில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ. 2014 மார்ச் 27-ல் நாடு போலியோ இல்லாதது என்று சான்றிதழ் வந்தது. ஆனால் அந்தச் சான்றிதழுக்கு அவர் முகம் மட்டும் போதவில்லை. குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், குழந்தையின் விரலில் மை வைத்து, கதவில் சாக்பீஸால் எண் எழுதிவிட்டு வந்த லட்சக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். முகம் கூப்பிட்டது, கால்கள் போய்ச் சேர்ந்தன. அதே 2014-ல், இரண்டு மாதம் கழித்து, உத்தர்பாராத் தொழிற்சாலை அம்பாசடர் கார் செய்வதை நிறுத்தியது. கால்கள் நின்ற வருடமும் அதுதான்.

கண்ணிலேயே ஓர் உதாரணம் உண்டு. கன்னட நடிகர் ராஜ்குமார் பிறந்த காஜனூர் இன்று ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மட்டில் நமக்கும் அவர்மேல் பாத்தியதை உண்டு. கண்தானம் செய்யச் சொல்லி ஊருக்குச் சொன்னவர், 2006 ஏப்ரல் 12-ல் இறந்தபோது, பெங்களூரே கலவரத்தில் கிடந்த வேளையில், சொன்னபடி கண்களைக் கொடுத்துவிட்டுப் போனார். 2021 அக்டோபர் 29-ல் அவர் மகன் புனீத் நாற்பத்தாறு வயதில் திடீரென்று இறந்தார். அழுதுகொண்டிருந்த குடும்பம் கண்ணை மறக்கவில்லை. கருவிழியை அடுக்கடுக்காகப் பிரித்துப் பொருத்துகிற முறை வந்துவிட்டதால் அந்த இரண்டு கண்களால் நாலு பேருக்குப் பார்வை கிடைத்தது. அதற்குப் பிறகு கர்நாடகத்தில் கண்தானத்துக்கு முன்வந்த கூட்டத்தை ஒப்பந்தம் போட்டு வரவழைத்திருக்க முடியாது. அந்தக் குடும்பத்தார் வாயால் சொன்னதோடு நிறுத்தாமல் சரக்கையும் கொண்டுவந்து இறக்கினார்கள்.

இலங்கையிலும் ஒருவர் இருந்தார், ஹட்சன் சில்வா. மருத்துவ மாணவராக இருந்தபோதே, 1958-ல், செத்த கண்ணுக்கு உயிர் கொடுங்கள் என்று பத்திரிகையில் எழுதினார். எழுதியது எழுத்தாகவே இருந்திருக்கலாம். 1960-ல் அவருடைய அம்மா இறந்தார். அம்மாவின் கண்ணையே கொடுத்தார். மறுவருடம் அவர் தொடங்கிய சங்கம் 1964-லிருந்து கண்களை வெளிநாட்டுக்கே அனுப்ப ஆரம்பித்துவிட்டது. அந்தச் சின்னத் தீவின் கண்களால் உலகத்தில் எங்கெங்கோ ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள்.

ஹட்சன் சில்வாவின் கதையை மேடையில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் தொண்டையில் ஒன்று அடைக்கும். உருக்கம் என்று சபை நினைத்துக்கொள்ளும். 1987-ல் என் அப்பா இறந்தார். நான் அப்போது சங்கத்தின் துணைச் செயலாளர். எத்தனையோ இழவு வீட்டில் போய்க் கேட்டவன். என் வீட்டில் கேட்க வேண்டியவனும் நான்தான், கொடுக்க வேண்டியவனும் நான்தான். பெரியப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கொள்ளி வைக்கிறவன் கண்ணைத் தோண்டுவானாடா?" மற்ற வீடுகளில் இதற்கு நான் பதில் சொல்வேன், பாடமாகவே வைத்திருந்தேன். அன்று வாய் வரவில்லை. டாக்டர் வந்தார், பையில்லாமல் வந்தார், ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஆறு மணி நேரம் என் கண்ணெதிரிலேயே கரைந்தது. அண்ணாச்சியின் வண்டி அன்று பூரா சொந்தக்காரர்களைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தது. நடுநடுவே அவர் வாசலில் வண்டியில் சாய்ந்து என்னைப் பார்த்தபடி நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆறு மணி நேரமும் அம்பாசடர் வாசலுக்கு வந்து வந்துதான் போனது. மறுவாரம் வேறொரு வீட்டுக்குப் போனோம். நான் கேட்டேன், அவர்கள் கொடுத்தார்கள். என் நாக்கு கூசியதா என்று கேட்காதீர்கள்.

ஆகவே தெர்மகோல் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன நடிகரை நான் என்ன சொல்ல? அவருடையது தெர்மகோல் என்றால் என்னுடையது பேச்சு. அன்று மேடையில் எனக்கும் ஒரு பட்டம் கொடுத்தார்கள், 'மூத்த நல்லெண்ணத் தூதர்' என்று. பொன்னாடை போர்த்தினார்கள். எழுபதைத் தாண்டியபின் எனக்கும் உயர்திணை கிடைத்தது.

நிகழ்ச்சிக்காகக் கைபேசியைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். முடிந்து எடுத்துப் பார்த்தால் அண்ணாச்சி மகளிடமிருந்து ஏழு அழைப்பு. திருப்பிக் கூப்பிட்டேன். "அப்பா போயிட்டாக சித்தப்பா. மத்தியானம் ரெண்டு மணிக்கு" என்றாள். அப்போது மணி ஏழு. ஐந்து மணி நேரம் போய்விட்டது. ஒரு ஆட்டோவைப் பிடித்து, என்ன ஏது என்று சொல்லாமல், "சீக்கிரம் விடுப்பா" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் அந்த வெள்ளை வண்டி நாலு கல்லின்மேல் நின்றது. சக்கரம் போய்ப் பத்து வருடம் ஆகிறது; அண்ணாச்சி விற்க விடவில்லை. உள்ளே போனேன். ஃபேன் நின்றிருந்தது. தலைக்குக் கீழே இரண்டு தலையணை. மூடிய இமைமேல் பஞ்சு வைத்த ஈரம் இன்னும் காயவில்லை. மதுரையிலிருந்து வந்த டெக்னீஷியன் பையன் பெட்டியை மூடிக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்து அரை மணி நேரம் ஆகிறதாம். அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. கண் வங்கி நம்பரை அண்ணாச்சியே அடுப்படிக் காலண்டரில் பெரிதாக எழுதி வைத்திருந்தார். அவர் எந்த அட்டையிலும் கையெழுத்துப் போட்டவரில்லை.

என் தோளில் பொன்னாடை கிடந்தது. அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன்.

பையன் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். பெயர், வயது, இறந்த நேரம், சம்மதம் தந்தவர், சாட்சி. சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். கடைசியில் ஒரு கேள்வி. எங்கள் சங்கம் அந்த வருடம் புதிதாகச் சேர்க்கச் சொன்னதாம். "கண்தானத்தைப் பத்தி இவரு எப்படித் தெரிஞ்சுக்கிட்டாரு அக்கா? டிவியா, பேப்பரா, ஆஸ்பத்திரியா, அம்பாசடரா?"

அவள் அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். "அம்பாசடர்தான் தம்பி. அதுலதான் எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டாக."

பையன் கட்டத்தில் டிக் அடித்தான். நான் வாயைத் திறந்தேன். திருத்த என்ன இருக்கிறது என்று மூடிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துச் செயலாளர் பையன் போன் பண்ணினான். குரலில் அவ்வளவு சந்தோஷம். "சார், ரிப்போர்ட் வந்திருக்கு. அம்பாசடர் மூலமா ஃபர்ஸ்ட் டொனேஷன் வந்துடுச்சு!"

"ஆமாப்பா," என்றேன். "கொஞ்சம் லேட்டாத்தான் வரும். டீசல் வண்டி."